பியானோவில் இல்லாத ஆறு கம்பிகள்

செயலாளரே, உன் அப்பா பொய் சொன்னார். அந்த ஒரு பொய்யால் என் அப்பாவுக்கு வேலை போயிற்று, குடியிருந்த வீடு போயிற்று, திருவிருந்தும் போயிற்று. அது பொய் என்பதை, போன மாதம் சபை மண்டபத்துப் பியானோவைப் பிரித்துப் போட்டபோது உன் கண்ணாலேயே கண்டாய். கண்ட பிறகும் வாயைத் திறக்கவில்லை.

உன்னை ‘நீங்கள்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஞாயிறு பள்ளியில் நாம் ஒரே வகுப்பு. அந்த வகுப்பில் பதினோரு பேர் இன்னும் இந்தச் சபையில் இருக்கிறோம். எல்லோருக்கும் முட்டி வலி, சர்க்கரை, வெளிநாட்டில் பிள்ளைகள். என்னைத் தவிர மற்றப் பத்துப் பேருக்கும்தான் இதை எழுதுகிறேன். அந்த வருஷம் என் அப்பாவைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை எல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். இப்போது நான் சொல்வதையும் கேளுங்கள்.

என் அப்பா சபையின் கோயில்பிள்ளை. மணி அடிப்பார், கூட்டுவார், பெஞ்சு துடைப்பார், கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவார். களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேலைக்காக இந்த மலையாள தேசத்துக்கு வந்தவர். கோயிலுக்குப் பின்னால் ஓடு போட்ட ஒற்றை அறையும் ஒரு அடுக்களையும் எங்கள் வீடு. மண்டபத்துப் பியானோவும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. மழைக்கும் எலிக்கும் தப்பி அது கெடாமல் இருக்க வேண்டும், அதுதான் அவர் வேலை.

ஆண்டு விழாவில் பியானோவை வாசிக்க வேண்டும் என்று கமிட்டி தீர்மானித்து, கொச்சியிலிருந்து ரிப்பேர் செய்ய ஒரு பெண்ணை வரவழைத்தது. முப்பத்தைந்து வயது இருக்கும். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். நான் ஜன்னல் திரைகளுக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். தையல்தான் என் பிழைப்பு. அவள் மலையாளத்தில் பேசினாள், நான் தமிழில் பேசினேன். இந்த ஊரில் அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை.

அவள் முதலில் விரலால் அழுத்தும் கட்டைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள். உருவியவள் முகத்தைச் சுளித்தாள். கட்டை உட்காரும் ஆணிகளில் எல்லாம் பழுப்பாகப் பிசின் போல ஒன்று படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள்.

“ஆண்ட்டி, இது வெளிச்செண்ணெய். தேங்காயெண்ணெயை எந்த மகான் பியானோவுக்குள்ள ஊத்தினார்?”

“என் அப்பா,” என்றேன்.

அவள் ஒரு கணம் திகைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். “சாரி ஆண்ட்டி. பட்சே இது கொலைபாதகம்.”

அது கொலைபாதகம்தான். நான் மறுக்கவில்லை. மழையில் கட்டைகள் உப்பி இறுகிவிடும். அழுத்தினால் கீழே போனது மேலே வராது. எங்கள் ஊரில் எது இறுகினாலும் ஒரே மருந்து: கதவுக் கீல், தையல் மிஷின், குழந்தையின் நெஞ்சுச் சளி, எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய். அப்பா கோழி இறகில் தொட்டு ஒவ்வொரு கட்டைக்கும் விட்டார். இரண்டு நாள் நன்றாக ஓடியது. பிறகு எண்ணெய் கெட்டியாகி, எறும்பு வந்து, நாற்பது கட்டைகளாவது அவரால் கெட்டன. ஆண்டு விழா மலரில் அதைப் போடு செயலாளரே. ‘கோயில்பிள்ளை எண்ணெய் விட்டுக் கெடுத்தார்’ என்று கொட்டை எழுத்தில் போடு. அது உண்மை, நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அடுத்து அவள் சுத்திகளைப் பார்த்தாள். கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளி சுற்றிய ஒரு மரச் சுத்தி கம்பியில் போய் அடிக்கும். அடித்ததும் அதைப் பின்னால் இழுக்க ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய நாடா உண்டு. எங்கள் பியானோவில் பாதி நாடாக்கள் வேறு நிறத்தில் இருந்தன. அவள் ஒன்றை விரல்களுக்கு நடுவே உருட்டினாள்.

“இது என்ன துணி?”

நான் தையல்காரி, எனக்கு உடனே தெரிந்தது. அரிக்கேன் விளக்குத் திரி. தட்டையாக, நெருக்கமாக நெய்தது. அப்பா அதை நீளவாக்கில் கீறி, நுனி பிரியாமல் நூலால் கட்டியிருந்தார். நாற்பது கட்டாவது இருக்கும். ஒரு கட்டுகூட அவிழ்ந்திருக்கவில்லை. உள்ளே ஒடிந்துபோன ஸ்பிரிங்குகளுக்குப் பதில் குடைக்கம்பியை வளைத்து வைத்திருந்தார். உராயும் இடங்களில் பழைய பட்டாளக் கம்பளியின் துண்டுகள்.

“இதில பிரமாதம்னு சொல்ல ஒண்ணும் இல்ல ஆண்ட்டி,” என்றாள் அவள். “பட்சே இந்த ஆள் பொறுமைக்காரன். எதையும் உடைக்கல. வேணும்னா எடுத்துட்டு வேற வைக்கிற மாதிரிதான் செஞ்சிருக்கார்.”

இத்தனை வருஷத்தில் அவர் வேலையைப் பற்றி யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதுவும் பாதிதான் நல்ல வார்த்தை.

பிறகு கீழ்ப்பலகையைக் கழற்றினாள். மிதிகட்டைகளுக்கு மேலே, முழங்கால் உயரத்தில் இருக்கும் பெரிய பலகை. உள்ளே ஒரு மூலையில் பல்பு ஹோல்டர் இருந்தது. அதைச் சுற்றி ஆணியால் துளை போட்ட தகரம்.

இது உங்களுக்கு நினைவிருக்கும். ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கும் அன்றே அப்பா அந்தப் பல்பைப் போட்டுவிடுவார். ஐப்பசித் துலாமழை ஓய்கிற வரை இரவும் பகலும் எரியும். அந்தச் சூட்டில்தான் பியானோ காய்ந்து கிடந்தது. மிதிகட்டை இடுக்கில் மஞ்சளாக வெளிச்சம் கசியும். மழையில் நனைந்து வந்த நாம் பைபிள் வசனச் சீட்டுகளை அந்த இடுக்கில் காயவைப்போம். சூடேறிய தூசியும் பாச்சா உருண்டையும் கலந்த ஒரு வாசனை வரும். செயலாளரே, ஒரு தடவை உன் சீட்டு உள்ளே விழுந்து நீ அழுதாய். அப்பா ஈர்க்குச்சியால் எடுத்துத் தந்தார். உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை.

எனக்குப் பதினொரு வயதான அந்த மழைக்காலத்தில்தான் எல்லாம் நடந்தது.

அப்போது செயலாளர் உன் அப்பா. ஒரு அரசாங்க ஒர்க்‌ஷாப்பில் பெரிய ஃபோர்மேன். கஞ்சி போட்ட வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஜூலையில் ஒருநாள் அவர் வந்து, பியானோவை சர்வீசுக்கு அனுப்ப வேண்டும் என்றார். அப்பா பொருள் பதிவேட்டில் ‘சர்வீசுக்கு’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். நான்கு சுமட்டுக்காரர்கள் அதைக் கைவண்டியில் ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கொண்டுபோனார்கள்.

அடுத்த வாரம் உங்கள் கரமனை வீட்டில் உன் அக்காவுக்கு நிச்சயம். பாத்திரம் கழுவவும் முறுக்கு சுற்றவும் அம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். முன்னறையில் நம் பியானோ நின்றது. மேலே பின்னல் விரிப்பு, அதன்மேல் உன் தாத்தாவின் போட்டோ. பியானோவின் முகப்பில் மெழுகுவத்தி வைக்க நீட்டியிருந்த இரண்டு பித்தளைக் கைகளும் புளி போட்டுத் தேய்த்து மினுங்கின. அந்தக் கைகள் பிறகு திரும்பி வரவேயில்லை.

நாகர்கோவிலிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா அதைத் தடவிப் பார்த்தார். “பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும்னு சொன்னாவ. வீட்டுலேயே பியானோ இருக்குதா?”

உன் அம்மா சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது. “எங்க மாமனாருக்க காலத்துலேருந்து இருக்குதாக்கும். தூக்கிப் போடவும் மனசு வரல.”

நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். “அம்மா, இது நம்ம கோயில் பியானோ இல்லியா?” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றியிருந்தது. என்னைப் பின்முற்றத்துக்கு இழுத்துப் போய், “வாய மூடுட்டீ. ஒரு பொண்ணுக்க கல்யாணம். உனக்க நாக்கால அது முடங்கப்பிடாது,” என்றாள். கையில் ஒரு முந்திரிக்கொத்தைத் திணித்தாள். நான் அதைத் தின்றுவிட்டேன்.

உள்ளே உன் அக்கா ஒரு கீர்த்தனை வாசித்தாள். நன்றாகவே வாசித்தாள். அந்தப் பியானோ அவ்வளவு அழகாக ஒலித்து நான் கேட்டது அன்றுதான் கடைசி.

அன்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். “சரி, பொண்ணு கரையேறட்டும். கல்யாணம் கழியட்டும். நாம ஒண்ணும் கண்டதில்ல,” என்றார். அவ்வளவுதான். அந்த வார்த்தையை அவர் கடைசிவரை காப்பாற்றினார். அதுதான் எனக்கு இன்றும் ஆத்திரம். உங்கள் வீட்டுப் பெண்ணின் கல்யாணத்தை நினைத்தவர் தன் வீட்டில் ஒரு பெண் இருப்பதை நினைக்கவில்லை.

ஒரு வாரத்தில் திரும்பும் என்ற பியானோ ஒன்றரை மாதம் கழித்துத்தான் வந்தது. வந்தது லாரியில். அதற்குள் சுமட்டுக்காரர்களில் ஒருவர் காலில் பெரிய கட்டுடன் அப்பாவைப் பார்க்க வந்திருந்தார். வாசற்படியில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்.

“கோயில்பிள்ளே, ஒமக்க பெட்டி எனக்க காலத் தின்னுட்டு வே.”

“எங்க வச்சு?”

“திருப்பிக் கொண்டுவரச்சுல, கரமனைப் பாலம் ஏறுற எடத்துல. வண்டி சாஞ்சுது. பெட்டி தலைகீழா போச்சு. உள்ள என்னமோ வெடி வச்ச மாதிரி ஒரு சத்தம். அந்த சாரு வந்து பாத்தாரு, நேரா அவருக்க ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கன்னாரு.”

“நீரு ஒருத்தர்ட்டயும் சொல்லாண்டாம்.”

“நான் யாருட்ட வே சொல்ல? எனக்க கால்தான் ஊரெல்லாம் சொல்லுதே.”

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதில் பயப்பட ஏதும் இருப்பதாக அன்று எனக்குத் தோன்றவில்லை. பியானோ வந்துவிட்டது, பல்பு எரிகிறது, பாட்டு நடக்கிறது. இடது கோடியில் இருக்கும் கடைசி ஆறு கட்டைகளை ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக்கு ஒருவரும் தொடுவதில்லை. அதனால் எதுவும் வெளியே வரவில்லை.

ஓணம் கழிந்து அறுப்பின் பண்டிகை வந்தது. நாகர்கோவிலிலிருந்து பாட்டு வாத்தியார் ஒருவரை அழைத்திருந்தார்கள். அவர் கை நீளமானது. ஆரம்பத்திலேயே இடது கையைக் கடைசிவரை வீசி அழுத்தினார். சத்தம் வரவில்லை. ‘டொக்’ என்று மரம் அடிக்கும் ஒலி மட்டும் வந்தது. அவர் திரும்ப அழுத்தினார், திரும்ப டொக். பிள்ளைகள் சிரித்தோம். அவர் எழுந்து மேல்மூடியைத் திறந்து பார்த்து, சபைப் போதகரிடம், “ஐயரே, இதுல ஆறு கம்பிய காணல,” என்றார்.

தாழ்ந்த சுரக் கம்பிகள் தடிமனானவை, விலைபோகும் செம்பு சுற்றியவை. செம்பு என்ற சொல் வந்ததும் எல்லோரும் ஒரே ஆளை, என் அப்பாவைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். மண்டபத்துச் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. பியானோவுக்குள் எப்போதும் கைவிட்டுக்கொண்டிருந்தவரும் அவர்தான். திரி வைத்தேன், கம்பளி வைத்தேன் என்று எல்லோரிடமும் வெள்ளந்தியாகச் சொல்லிக்கொண்டும் இருந்தார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. மண்டபத்திலேயே, பியானோவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு எட்டு ஆண்கள். ஐயர் நடுவில். என்னையும் கூப்பிட்டார்கள். உன் அப்பா, “சர்வீசு கழிஞ்சு வந்தப்போ ஆறு கம்பியும் இருந்துது,” என்று சொல்லிவிட்டு, என்னைப் பக்கத்தில் நிறுத்தித் தலையைத் தடவினார்.

“பயப்படாண்டாம் மக்களே. கேட்டதுக்குச் சொல்லு. அப்பா பியானோவத் திறப்பாரா?”

“ஆமா.”

“தனியாவா?”

“ஆமா. நானும் டார்ச் பிடிப்பேன்.”

“கம்பி ஏதாவது வீட்டுக்குக் கொண்டுவந்திருக்காரா?”

“ஆமா,” என்றேன், பெருமையாக. “ஒண்ணு கொண்டுவந்தாரு. குடைப் பிடியில சுத்தியிருக்காரு. பளபளன்னு இருக்கும்.”

அது உண்மை. அதற்கு முந்தின வருஷம் தானாக அறுந்த வேறொரு கம்பி. அறுந்த அன்றே அப்பா அதை ஐயரிடம் காட்டினார். ஐயர் தனக்கு வேண்டாம் என்றதும் அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்த ஐயர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிய ஐயருக்கு ஒன்றும் தெரியாது. குடையை எடுத்துவரச் சொன்னார்கள். நான்தான் ஓடிப்போய் எடுத்துவந்தேன். எட்டு பேரும் கைமாற்றிக் கைமாற்றி அந்தப் பிடியைப் பார்த்தார்கள். ஒருவர், “பிள்ளை வாயால கர்த்தர் வெளிப்படுத்திட்டாரு,” என்றார். நான் ஏதோ நல்லது செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்பா அப்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். கையைக் கட்டிக்கொண்டு, “ஐயா, கீழப் பலகையக் கழத்தி வச்சிருக்கேன். ஒருக்கா குனிஞ்சு பாருங்க,” என்றார்.

ஒருவரும் அசையவில்லை. மழைநாள், ஜன்னல் வழியே சாரலடித்துத் தரையெல்லாம் ஈரம். எல்லோரும் வெள்ளை வேட்டி.

“என்னத்தப் பாக்க?” என்றார் உன் அப்பா. “உனக்க எண்ணெயையும் திரியையுமா?”

எல்லோரும் சிரித்தார்கள்.

“குனிஞ்சு பாருங்க ஐயா,” என்றார் அப்பா மறுபடியும். மூன்றாம் தடவையும் சொன்னார். குரல் உடைந்திருந்தது. யாரும் குனியவில்லை. ஜெபத்துக்கு முழங்கால் போடுகிற எட்டு பேரில் ஒருவருக்குக்கூட அந்த ஈரத் தரையில் முழங்கால் போட மனம் வரவில்லை.

எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. சொல்லிவிடுகிறேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது. அப்பா கெஞ்சுகிறார் என்று நினைத்தேன். திருடிவிட்டு, தான் செய்த ரிப்பேர்களைக் காட்டி இரக்கம் கேட்கிறார் என்று நினைத்தேன். பெட்டி பாலத்தில் விழுந்ததற்கும் கம்பிகள் போனதற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதைத்தான் அரை நூற்றாண்டாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் உயிரோடு இருந்தபோதும் நினைத்தேன், செத்த பிறகும் நினைத்தேன்.

அடுத்த வாரம் அறிவிப்பு நேரத்தில், விற்பனை விழா அறிவிப்புக்கும் கல்யாண அறிவிப்புக்கும் நடுவில், கோயில்பிள்ளை நீக்கப்பட்டார் என்றும் திருவிருந்திலிருந்து விலக்கப்பட்டார் என்றும் வாசித்தார்கள். அந்தக் கல்யாண அறிவிப்பு உன் அக்காவுடையது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடுவிலேயே எழுந்து வெளியே நடந்தாள்.

வித்துராவில் ரப்பர் தோட்டம் ஒன்றில் அப்பாவுக்குக் காவல் வேலை கிடைத்தது. பஸ் ஏறிய அன்றும் மழை. குடையை அவர்கள் திருப்பித் தரவில்லை. வித்துராவில் என்னை மலையாளப் பள்ளியில் போட்டார்கள். கேட்டால் புரியும், எழுதத் தெரியாது. இரண்டு வகுப்புப் பின்னால் தள்ளினார்கள். எட்டாம் வகுப்பில் பள்ளியை விட்டேன். ‘உள்ளதைச் சொன்னதால்தான் இப்படி ஆயிற்றா?’ என்று ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன். “நீ உள்ளதத்தானே சொன்ன மக்களே,” என்றார். அன்றாவது எனக்கு விளக்கியிருக்கலாம். பலகைக்குக் கீழே என்ன இருந்தது என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் எங்காவது போய்ச் சொல்லிவிடுவேன் என்று பயந்தாரோ என்னவோ. அவர் சாகும்வரை எந்தக் கோயிலிலும் திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் எடுக்கவில்லை. கல்யாணமாகி நான் இந்த ஊருக்குத் திரும்பி வந்தபோது, இதே சபையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். என் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் இங்கேதான். உங்களில் சிலர் என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்தீர்கள். ஒருவரும் எதுவும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன்.

கீழ்ப்பலகையைக் கழற்றிய அந்தப் பெண் பல்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு, டார்ச்சை வலது பக்கம் திருப்பினாள். சிரிப்பு நின்றது. தரையில் மல்லாந்து படுத்து உள்ளே தலையை விட்டாள்.

“ஆண்ட்டி, மூணு ஆளு இதில கை வெச்சிட்டுண்டு. ஒண்ணு, பழைய டியூனர். ரெண்டு, உங்க அப்பா. மூணாவது ஆள் வேற. இரும்புக்காரன். இங்க நோக்கூ.”

என் முட்டி வலிக்குத் தரையில் உட்காருவதே கஷ்டம். ஆனாலும் உட்கார்ந்தேன், படுத்தேன், பார்த்தேன்.

பியானோவின் கம்பிகளை எல்லாம் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம் ஒன்று. அந்தச் சட்டத்தின் கீழ்மூலையில் ஒரு விரிசல் ஓடியது. விரிசலுக்குக் குறுக்கே ஒரு இரும்புப் பட்டையை வைத்து நான்கு போல்ட்டால் இறுக்கியிருந்தார்கள். துளை போட்டு, மரை வெட்டி, சுத்தமான வேலை. பட்டைக்கும் சட்டத்துக்கும் சேர்த்து ஒரே தங்கப் பூச்சு.

“இது வீட்டுல செய்ய முடியாது. ஒர்க்‌ஷாப் வேணும்,” என்றாள். “பியானோ விழுந்து சட்டம் பொட்டியிருக்கு, விரிசல் விட்டிருக்கு. அதை இப்படி ஒட்ட வச்சிருக்காங்க. அந்த ஆறு கம்பியும் வந்து மாட்டுற ஆணிகள் சரியா இந்தப் பட்டைக்கு அடியில வருது. பட்டை ஒட்டி உக்காரணும்னு ஆறு ஆணியையும் அரத்தால ராவி எடுத்திருக்காங்க.”

“அப்படின்னா?”

“அப்படின்னா, பட்டை இருக்கிற வரைக்கும் அங்க கம்பி மாட்ட இடமே இல்ல ஆண்ட்டி. பட்டை வச்ச அன்னைக்கே கம்பியைக் கழட்டியாச்சு. வச்சவன்தான் கழட்டினவன்.”

நான் அங்கேயே கிடந்தேன். ‘குனிஞ்சு பாருங்க ஐயா.’ அவர் கெஞ்சவில்லை. சாட்சியைக் காட்டினார். உன் அக்காவின் பெயரைச் சொல்லாமல், கரமனை வீட்டைச் சொல்லாமல், பாலத்தைச் சொல்லாமல், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்கு இருந்த ஒரே வழி அதுதான். எட்டு பேரில் ஒருவர் குனிந்திருந்தால் போதும். நான் குனிந்திருந்தாலும் போதும். டார்ச் பிடித்துப் பழகியவள்தானே நான்.

செயலாளரே, நீ அப்போது எங்கள் பின்னால்தான் நின்றிருந்தாய். அவள் உனக்கும் காட்டினாள். நீ உன் போனைப் பார்த்துக்கொண்டு, “அது இருக்கட்டும் மோளே, புதுசா கம்பி போட முடியுமா, அதச் சொல்லு,” என்றாய். பட்டையை எடுத்து, விரிசலை வெல்டிங் செய்து, புதிய ஆணிகள் வைத்தால் போடலாம் என்றாள். “அப்ப அதச் செய்,” என்றாய். எவ்வளவு வேகம் உனக்கு. வரும் திங்கட்கிழமை அந்தப் பட்டையை எடுக்கப் போகிறார்கள். அதன்பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது.

மலரில் ‘பியானோவின் வரலாறு’ என்று நீ எழுதியதை அச்சுப்பிழை பார்க்க என் மருமகளிடம் கொடுத்திருந்தாய். அவள் யார் வீட்டு மருமகள் என்பதை மறந்துவிட்டாய். ‘அன்றைய ஊழியர் ஒருவரின் கைவரிசையால் ஆறு கம்பிகள் களவு போயின’ என்று அதில் இருக்கிறது.

நான் உனக்குப் போன் செய்தேன். மறுநாள் மாலை நீ பிளம் கேக்குடன் வந்தாய்.

“பழசக் கிண்டி என்ன கிட்டப்போவுது? அப்பா இப்ப இல்ல. அக்காவும் போயிட்டா,” என்றாய்.

“அக்கா போனதாலதான் பேசுதேன். அவ இருக்கும்வரை எங்கப்பா பேசாத மாதிரி நானும் பேசியிருக்க மாட்டேன்.”

“சரி, அந்த வரிய எடுத்துடுதேன். போதுமா? பேரக்கூட போடலியே நான்.”

“உனக்குத் தெரியுமா தெரியாதா? அதச் சொல்லு.”

நீ கேக்கைப் பார்த்தாய். “நான் அப்ப சின்னப் பிள்ள,” என்றாய்.

நானும் சின்னப் பிள்ளைதான். என்னைக் கேட்டார்களே. எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேனே. உன் வீட்டு முன்னறையில் அந்தப் பியானோ ஒரு வாரம் நின்றது. நீ அதே வீட்டில் இருந்தாய். அதன்பிறகு உன் அப்பாவோடு ஒரே சாப்பாட்டு மேஜையில் எத்தனை வருஷம்? ஒருநாள்கூட அந்தப் பேச்சு வரவில்லையா?

வரியை எடுத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறாய். தீராது. சபைக் குறிப்பேட்டில் என் அப்பா இன்னும் விலக்கப்பட்டவர்தான். வாசித்தது எல்லோருக்கும் கேட்கும்படி. எடுப்பது மட்டும் யாருக்கும் தெரியாமலா?

வகுப்புத் தோழர்களே, உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு ஓடாதீர்கள். பொதுக்கூட்டத்துக்கு இருங்கள். அந்தக் கொச்சிப் பெண்ணும் வருகிறாள், பட்டையைக் காட்ட நான் அழைத்திருக்கிறேன்.

செயலாளரே, உன்னிடம் கேட்பது இரண்டு கேள்வி. அந்தப் பட்டையை வைத்தது யார்? அது உனக்கு எந்த நாளிலிருந்து தெரியும்? என் வீட்டுக்கு வந்து சொல்லாதே. போனில் சொல்லாதே, ஐயரைத் தூது அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமை, சபைக்கு முன்னால், மைக்கைப் பிடித்துக்கொண்டு, என் அப்பாவின் பெயரை முழுதாகச் சொல்லிப் பதில் சொல்.